ஜேர்மனியில் கரிற்றாஸ் உதவி: எம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜேர்மனியில் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்புத் துணையாகக் கரிற்றாஸ் ஆலோசனை நிலையங்களுக்குப் போய் வருகிறேன். போகும் வழியில் பஸ்ஸிலும், காத்திருக்கும் அறையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். உதவி இருப்பது தெரிந்தும் வெட்கப்பட்டோ பயந்தோ தள்ளிப்போட்டு, காலக்கெடு முடிந்த பிறகு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் மிகவும் வேதனைப்படுகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கரிற்றாஸ் என்பது அரச அலுவலகமா?

இல்லை. அது கத்தோலிக்கத் திருச்சபையின் சமூக சேவை அமைப்பு. லோறென்ஸ் வேர்த்மன் என்ற குருவானவர் 1897 நவம்பர் 9ஆம் திகதி கேல்ன் நகரில் இதைத் தொடங்கினார். தலைமையகம் பிரைபூர்க் நகரில் இருக்கிறது. முதியோர் இல்லம், வைத்தியசாலை, முன்பள்ளி, ஆலோசனை நிலையம் என்று நாடு முழுவதும் பரந்து, ஏழு லட்சம் பேர் அளவில் வேலை செய்யும் அமைப்பு இது. ஆனால் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும், பெரும்பாலும் ஒவ்வொரு நகரத்துக்கும் தனிச் சங்கம் உண்டு. அதனால் பக்கத்து ஊரில் கிடைக்கும் சேவை உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். அப்படி இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

வாசலில் தீச்சுவாலை கிளம்பும் சிவப்புச் சிலுவைச் சின்னத்தைப் பார்த்தால் அதுதான் கரிற்றாஸ். யாழ்ப்பாணத்தில் கியூடெக் என்ற பெயரில் வேலை செய்த நிறுவனமும் இதே உலகக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நாங்கள் சைவர்கள். போகலாமா? மதம் மாறச் சொல்வார்களா?

தாராளமாகப் போகலாம். மதம் மாறச் சொல்ல மாட்டார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

ஒரு காலத்தில் இங்கே மதம் பார்த்துத்தான் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். 1960களில் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தபோது, இத்தாலியர், ஸ்பானியர், போர்த்துக்கேயர் ஆகியோரைக் கரிற்றாஸ் கவனித்தது. கிரேக்கர்களைப் புரட்டஸ்தாந்து திருச்சபையின் டியாக்கொனி கவனித்தது. துருக்கியர்களைத் தொழிலாளர் நலச் சங்கமான ஆவோ கவனித்தது. அந்த முறை போய் நெடுங்காலமாகிவிட்டது. இன்று காத்திருக்கும் அறையில் சிரியக்காரரும் உக்ரைன் நாட்டவரும் எம்மவரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் மடு மாதாவிடம் போன சைவர்கள் இங்கே ஆகஸ்ட் மாதம் கேவெலார் திருத்தலத்துக்குப் போகிறார்கள். அங்கே யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. ஆலோசனை நிலையத்திலும் அப்படித்தான்.

காசு கட்ட வேண்டுமா? அவர்கள் காசு தருவார்களா?

ஆலோசனை இலவசம். அதற்கான செலவில் பெரும்பங்கை மத்திய அரசும் மாநிலங்களும் நகரசபைகளும் கொடுக்கின்றன. மீதி திருச்சபை வரியிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வருகிறது. ஆகவே நீங்கள் யாருடைய தருமத்துக்கும் கையேந்தவில்லை. நீங்கள் வேலை செய்து வரி கட்டியிருந்தால் அதிலும் உங்கள் பங்கு இருக்கிறது.

கையில் காசு தருவது மிக அரிது. சில தேவாலயப் பங்குகளில் அவசர உதவிக்கு ஒரு சிறு நிதி இருக்கும். அவர்களின் உண்மையான வேலை, சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியதை வாங்கித் தருவது. பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவான கின்டகெல்ட் 2026 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு 259 யூரோ. இதைப் பிந்தி விண்ணப்பித்தால் கடந்துபோன மாதங்களில் 6 மாதங்களுக்குத்தான் திருப்பித் தருவார்கள். அதற்கு முந்தியது போனது போனதுதான். குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு, வீட்டு வாடகை உதவி, பாடசாலைச் சுற்றுலாவுக்கும் மதிய உணவுக்குமான உதவி ஆகியவையும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் "எங்களுக்கு இது கிடைக்காது" என்று தாங்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் கடித உறையில் கடிதம் வந்திருக்கிறது. ஒன்றும் விளங்கவில்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

மஞ்சள் உறை என்றால் சட்டப்படி ஒப்படைக்கப்பட்ட கடிதம். தபால்காரர் அதைக் கொடுத்த திகதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவார். நீங்கள் வீட்டில் இல்லாமல் அவர் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாலும், அன்றைக்கே உங்கள் கைக்கு வந்ததாகத்தான் கணக்கு. அன்றிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்குகிறது. நீங்கள் எப்போது உறையைத் திறந்தீர்கள், எப்போது விளங்கிக்கொண்டீர்கள் என்பது யாருக்கும் முக்கியமில்லை. கடிதத்தை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுகிறவர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த உறைதான் திகதிக்குச் சாட்சி.

தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதமானால், மேன்முறையீடு செய்ய எத்தனை நாள் இருக்கிறது, எந்த நீதிமன்றத்தில் செய்ய வேண்டும் என்பது கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும். சிலருக்கு இரண்டு வாரம். சிலருக்கு ஒரே வாரம். ஒரு வாரம் உள்ளவர்கள் வழக்கு முடியும்வரை நாடு கடத்தக் கூடாது என்று நீதிமன்றத்துக்கு ஓர் அவசர மனுவும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய தஞ்ச விதிகள் 2026 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வருவதால், முன்பு வந்த உறவினருக்கு இருந்த காலக்கெடுவை நம்பி இருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. கடிதம் வந்த அன்றே நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "மஞ்சள் கடிதம் வந்திருக்கிறது, காலக்கெடு இருக்கிறது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். காத்திருப்போர் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இதற்கு இடம் தேடித் தருவார்கள்.

தபால்பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பதில் இங்குள்ள அலுவலகங்கள் அடிக்கடி தடுமாறுகின்றன. தஞ்ச அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் வேறு மாதிரி இருந்தால், இரண்டையும் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். வீடு மாறினால், பாம்ஃப் என்று எல்லோரும் சொல்லும், தஞ்சக் கோரிக்கையைத் தீர்மானிக்கும் கூட்டாட்சி அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தனித்தனியாக அறிவியுங்கள். நகரசபையில் பதிந்தது மட்டும் போதாது.

கரிற்றாஸ் எனக்காக நீதிமன்றத்தில் வாதாடுமா?

வாதாடாது. ஆலோசகர்கள் சமூகப் பணியாளர்கள், சட்டத்தரணிகள் அல்லர். எந்தச் சட்டத்தரணி தஞ்ச வழக்குகளை நன்றாகச் செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். வருமானம் குறைந்தவர்கள் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு வாங்கினால், சட்டத்தரணியிடம் முதல் ஆலோசனைக்கு 15 யூரோ மட்டும் கொடுத்தால் போதும். அந்தப் படிவத்தைக் கரிற்றாஸில் நிரப்பித் தருவார்கள்.

தஞ்ச விசாரணைக்கு என்னைத் தயார்படுத்துவார்களா? என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருவார்களா?

தயார்படுத்துவார்கள். கதை சொல்லித் தர மாட்டார்கள். நல்ல காரியம்.

1980களின் தொடக்கத்தில் கிழக்கு பேர்லின் வழியாக வந்திறங்கிய தலைமுறை, பின்னால் வந்தவர்களுக்கு அன்போடு பல ஆலோசனைகள் சொன்னது. "இப்படிச் சொல்லு, எனக்கு அப்படித்தான் கிடைத்தது" என்று இன்றும் முகாம்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாம்ஃப் அலுவலகத்தில் விசாரிப்பவர் ஒரே மாதிரியான கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். இரவல் கதையை அவர் முதல் குறுக்குக் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அதன் பிறகு நீங்கள் உண்மையாக அனுபவித்ததையும் நம்ப மாட்டார்.

கரிற்றாஸில் செய்வது வேறு. உங்கள் வாழ்க்கையில் நடந்ததைக் கால வரிசைப்படி நினைவுக்குக் கொண்டுவர உதவுவார்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் வந்தார்கள், அவர்கள் என்ன உடை போட்டிருந்தார்கள், பிறகு எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். திகதி நினைவில்லை என்றால், "தைப்பொங்கலுக்குப் பிறகு", "மகன் பிறந்த வருடம்" என்று சொன்னாலும் போதும்; ஊகித்து ஒரு திகதியைச் சொல்லாதீர்கள். சித்திரவதையோ பாலியல் வன்முறையோ நடந்திருந்தால், பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க உங்களுக்கு இடம் உண்டு. அதைக் கேட்டு எழுதுவதற்கும் உதவுவார்கள்.

விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் சென்னைத் தமிழ் பேசுபவராக இருந்து, உங்கள் யாழ்ப்பாணத் தமிழோ மட்டக்களப்புத் தமிழோ அவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று தோன்றினால், மரியாதை பார்த்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அந்த இடத்திலேயே சொல்லுங்கள், அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். முடிவில் முழு அறிக்கையையும் தமிழில் வாசித்துக் காட்டக் கேளுங்கள். களைப்பாக இருக்கும், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வசனத்தையும் கேட்டுத் திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். நிராகரிப்புக் கடிதங்களில் எடுத்துக்காட்டப்படும் முரண்பாடுகள் இந்த அறிக்கையிலிருந்துதான் வருகின்றன.

நான் சொல்வதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார்களா?

சொல்ல முடியாது. ஆலோசகர்களுக்கு இரகசியம் காக்கும் கடமை குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்டு அனுமதித்தால் மட்டுமே வேறு அலுவலகத்தோடு உங்களைப் பற்றிப் பேசலாம். அப்படி ஒரு தாளைக் கொடுத்தால், எந்த அலுவலகத்தோடு, எந்த விடயத்துக்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வதிவிட அனுமதி எதுவும் இல்லாதவர்களும் பயமில்லாமல் போகலாம். அவர்கள் உடல்நலம் இல்லாமல் போனால், இன்னொரு கத்தோலிக்க அமைப்பான மல்ரேசர் பல நகரங்களில் மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்களுக்காக நடத்தும் வைத்திய நிலையங்கள் இருக்கின்றன. பெயர் சொல்லாமலே வைத்தியரைப் பார்க்கலாம்.

மனைவி பிள்ளைகளைக் கொழும்பிலிருந்து எப்போது கூப்பிடலாம்?

உங்களுக்குக் கிடைத்த அங்கீகாரம் எது என்பதைப் பொறுத்தது. முழு அகதி அங்கீகாரம் கிடைத்தவர்களுக்குச் சலுகை உண்டு. முடிவு உறுதியான நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் குடும்பத்தைக் கூப்பிடப் போகிறேன் என்று அறிவித்துவிட்டால், போதிய சம்பளமும் பெரிய வீடும் இருப்பதாகக் காட்ட வேண்டியதில்லை. இந்த 3 மாதம் தெரியாமல் போய்விட்டால், பிறகு பல ஆண்டுகள் பிரிந்திருக்க நேரிடலாம். தூதரகத்தில் நேரம் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். அறிவிப்பு வேறு, விசா விண்ணப்பம் வேறு. அடுத்த படிநிலையான துணைநிலைப் பாதுகாப்புக் கிடைத்தவர்களுக்கோ 2025 ஜூலையிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குடும்ப இணைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விதிவிலக்கு மிகக் கடினமான நிலைமைகளுக்கு மட்டுமே. இந்தச் செய்தியை நான் மொழிபெயர்த்துச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. ஆனாலும் உங்கள் நிலைமை விதிவிலக்குக்குள் வருமா என்று ஆலோசகரைக் கேளுங்கள்.

வேலை தேட உதவுவார்களா?

உதவுவார்கள், ஆனால் வேலை பிடித்துத் தரும் முகவர்கள் அல்லர். முதலில் உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தஞ்சம் கோரியவர்களுக்குப் பொதுவாக முதல் 3 மாதம் தடை; முதல் வரவேற்பு முகாமில் தங்கியிருக்க வேண்டியவர்களுக்கு அது 6 மாதம்வரை போகலாம். பிறகும் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 27 வயதைக் கடந்தவர்களுக்குப் பெரியவர்களுக்கான குடிவரவு ஆலோசனை இருக்கிறது. 12 முதல் 27 வயதுவரை உள்ளவர்களுக்கு இளையோருக்கான தனிப் பிரிவு இருக்கிறது. சுயவிபரக் கோவை எழுதுவது, மொழி வகுப்பில் சேர்ப்பது, வேலை இல்லாதவர்களுக்கான அரச அலுவலகமான யொப்சென்ரரின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் இங்கே நடக்கும். அங்கீகாரம் கிடைத்தவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு வழக்கமாக 700 பாடவேளை. அதில் 600 மொழிக்கு, 100 இந்த நாட்டின் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும்.

உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை உடனே கிடைக்கிறது, மொழி வகுப்பு எதற்கு என்று கேட்கும் தம்பிமாருக்கு: வீட்டில் கடன் இருப்பதும், ஊரில் காசை எதிர்பார்த்திருப்பதும் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டில் மொழியை விட்டவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சமையலறையில் நிற்பதை எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

ஊரில் தாதியாக இருந்தேன். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லுமா?

நேரடியாகச் செல்லாது, அங்கீகாரம் எடுக்க வேண்டும். சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து, மாநில அலுவலகத்தில் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்த்து எது குறைகிறது என்று எழுதுவார்கள். குறைவதை ஒரு பரீட்சையாலோ பயிற்சிக் காலத்தாலோ ஈடுசெய்யலாம். ஜேர்மன் மொழி பொதுவாக பி2 என்ற மேல் இடைநிலை வரை வேண்டும். ஊரிலிருந்து வரும்போதே பாடநெறியில் என்ன படித்தீர்கள், எத்தனை மணித்தியாலம் என்று காட்டும் ஆவணத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழ் மட்டும் கொண்டுவந்தவர்கள் பிறகு கொழும்புக்கு எழுதி எழுதிக் காத்திருக்கிறார்கள்.

கரிற்றாஸிலேயே வேலை கிடைக்குமா?

கிடைக்கும். கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. 2022 நவம்பரில் ஆயர்கள் பணி விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். முதியோர் இல்லங்களில் ஆள் தட்டுப்பாடு அதிகம். 3 ஆண்டு பராமரிப்புப் பயிற்சியில் படிக்கும்போதே சம்பளம் வரும்.

கர்ப்பமாக இருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்றும் வாங்க வழியில்லை.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே போங்கள். தாய் சேய் நல நிதியம் என்று 1984இல் தொடங்கிய அரச நிதியம் ஒன்று உண்டு. தொட்டில், உடுப்பு, தள்ளுவண்டி போன்றவற்றுக்கு அது உதவும். ஆனால் பிறப்பதற்கு முன் விண்ணப்பித்திருக்க வேண்டும். பிறந்த பிறகு போனால் கொடுக்க மாட்டார்கள். கரிற்றாஸும் கத்தோலிக்கப் பெண்கள் சமூக சேவைச் சங்கமும் இதை விண்ணப்பித்துத் தருகின்றன. கருவைக் கலைப்பதா என்று குழம்பி நிற்பவர்களிடமும் அவர்கள் ஆறுதலாகப் பேசுவார்கள். ஆனால் கலைப்புக்குச் சட்டம் கேட்கும் ஆலோசனைச் சான்றிதழைக் கத்தோலிக்க நிலையங்கள் வழங்குவதில்லை. அது தேவையானவர்கள் வேறு அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கும் நாள்கணக்கு இருப்பதால் இதை முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

பிள்ளை சொல்வழி கேட்கிறதில்லை. ஆலோசனைக்குப் போனால் யூகன்ட்அம்ட் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமா?

சிறுவர் நல அலுவலகமான யூகன்ட்அம்ட் பற்றிய இந்தப் பயம் எங்கள் வீடுகளில் மிகப் பெரியது. பிள்ளை வளர்ப்பு ஆலோசனை சட்டப்படி பெற்றோரின் உரிமை, இலவசம், இரகசியம். பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டுமே வெளியே பேச வேண்டிவரும். அப்போதும் முதலில் உங்களோடு பேசவே முயல்வார்கள். தாங்களாகவே உதவி தேடி வரும் பெற்றோரை இங்கே பொறுப்பானவர்களாகத்தான் பார்க்கிறார்கள்.

திருமணம் செய்து வந்தேன். கணவர் அடிக்கிறார். விட்டுப் போனால் விசா போய்விடும் என்கிறார்.

தங்கச்சி, அவர் சொல்வதை நம்பி அங்கேயே இருக்காதீர்கள். திருமணம் வழியாக வந்தவருக்கு, இங்கே சேர்ந்து வாழ்ந்து 3 ஆண்டுகள் ஆனால்தான் தனி வதிவிட உரிமை என்பது பொது விதி. ஆனால் வன்முறை நடந்திருந்தால், 3 ஆண்டு ஆகாவிட்டாலும் தனி அனுமதி கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வைத்தியரின் கடிதம், காயத்தின் படம், பொலிஸ் முறைப்பாடு, பக்கத்து வீட்டாரின் சாட்சியம் எல்லாம் உதவும். அவற்றை வீட்டில் வைக்காமல் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 116 016 என்ற உதவி எண் இரவும் பகலும் இலவசம். பெண்கள் பாதுகாப்பு இல்லங்களின் முகவரி வெளியே தெரியாது. சனத்துக்கு என்ன சொல்வது என்ற யோசனையில் உயிரை இழந்துவிடக் கூடாது. வெளியேறும்போது கடவுச்சீட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள்; முடியாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள், தாள்களை மறுபடி எடுக்கலாம்.

கடன் தலைக்கு மேல் போய்விட்டது.

கடன் ஆலோசனைக்குப் போங்கள். எல்லாக் கடிதங்களையும், திறக்காதவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அவர்களே பிரித்து அடுக்குவார்கள். நீதிமன்றத்திலிருந்து பணம் கட்டச் சொல்லும் கட்டளையும் மஞ்சள் உறையில்தான் வரும். அந்தக் கடன் உங்களுடையது இல்லையென்றால் மறுப்பதற்கு இரண்டு வாரம். வங்கிக் கணக்கை முடக்கினால், அதைப் பறிமுதல் பாதுகாப்புக் கணக்காக மாற்றிச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உரிய தொகையைக் காப்பாற்றலாம். பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொகையைக் கூட்டும் சான்றிதழைக் கரிற்றாஸ் தரும். வேறு வழியே இல்லாவிட்டால் தனிநபர் வங்குரோத்து நடைமுறை 3 ஆண்டுகளில் முடிந்து மீதிக் கடனிலிருந்து விடுதலை கிடைக்கும். மச்சானுக்காகப் போட்ட பிணைக் கையெழுத்து, உறவினர் பாவிக்கும் தொலைபேசி ஒப்பந்தம், உடைந்துபோன சீட்டு என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றை மறைத்தாலும் போடும் திட்டம் பிழைத்துவிடும்.

மொழிபெயர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அவள் நன்றாக ஜேர்மன் பேசுவாள்.

வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயின் கடன் தொகையையும் தகப்பனின் குடியையும் அந்நியருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் கணக்குப் பரீட்சைக்குப் போகிறது. தாயும் பிள்ளைக்கு முன்னால் பாதியை விழுங்கிவிடுகிறார். நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. சில இடங்களில் தொலைபேசியில் அல்லது வீடியோவில் ஏற்பாடு செய்வார்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதானால், கேட்டதை வெளியே சொல்லாதவராகப் பாருங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

அடையாள அட்டை அல்லது தஞ்ச அட்டை, கடைசியாக வந்த கடிதங்கள் உறைகளோடு, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம். எது தேவை என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் போங்கள். அலுவலக நேரத்தில் போக முடியாதவர்கள் கரிற்றாஸ் இணையதளத்தில் பெயர் சொல்லாமல் எழுதிக் கேட்கலாம். அங்கே ஜேர்மன் மொழியில் எழுதுவதே வசதி. குறித்த நேரத்துக்குப் போக முடியாது என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், அந்த இடத்துக்காக இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது.